ஒளிச் செறிவு ஏறினால் படிகத்தின் குணம் மாறும்
அண்ணே, "படிகம் ஒளியை எப்போதும் ஒரே விகிதத்தில்தான் உறிஞ்சும், குரோமியம் கலந்த யாக் (YAG, இட்ரியம் அலுமினியம் கார்னெட்) படிகத்தைக் குறுக்கே வைத்தால் லேசரால் கண்ணுக்கு ஆபத்தில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். இது தவறு. நம் சுங்கை சிப்புட் படிவம் ஐந்து பிள்ளைகளும் இதைப் படிக்கிறார்கள், அதனால்தான் சொல்கிறேன்.

1064 நானோமீட்டர் அலைநீள ஒளி, செறிவு (ஒரு பரப்பில் விழும் ஒளியின் வலிமை) குறைவாக இருந்தால், அந்தப் படிகத்தில் நன்றாக உறிஞ்சப்படும். செறிவு ஏறினால் குரோமியம் அயனிகள் கிளர்நிலைக்கு, அதாவது ஆற்றல் கூடிய நிலைக்கு, போய்விடும். திரும்பச் சில மைக்ரோவினாடி ஆகும். அதற்குள் வரும் ஒளியில் பெரும்பகுதி தாண்டிப் போகும். இந்தக் குணத்தை வைத்துத்தான் லேசரில் நானோவினாடித் துடிப்புகளையே உண்டாக்குகிறார்கள்!

நேர்மாறும் உண்டு. 1961இல் கைசர், காரெட் என்ற இயற்பியலாளர்கள் யூரோப்பியம் கலந்த கால்சியம் ஃபுளோரைடில் சிவப்பு ரூபி லேசரைச் செலுத்த, நீல ஒளி வந்தது. இரண்டு ஃபோட்டான்களை (ஒளித்துகள்களை) ஒன்றாக உறிஞ்சியதன் விளைவு அது. அங்கே செறிவு கூடக் கூட உறிஞ்சும் விகிதமும் கூடும்.

கண்ணுக்கு அந்தந்த அலைநீளத்துக்கான பாதுகாப்புக் கண்ணாடிதான் போட வேண்டும், படிகம் போதாது.