எழுபது வருஷத்தை யாரும் ஃபார்வர்டு பண்ணுவதில்லை

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து பதினோரு மாதம் ஆகிறது. வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் ஒரே காலையில் போயின.

ஐசியு வாசலில் உட்கார்ந்திருந்த அந்த முதல் வாரத்தில் பைபிளின் எரேமியா 29:11 வசனம் என் போனுக்குப் பதினேழு தடவையாவது வந்திருக்கும். பின்னால் சூரிய உதயம், ஓரத்தில் ரோஜாப்பூ, நடுவில் ‘அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே’. அனுப்பியவர்கள் பாசத்தில்தான் அனுப்பினார்கள், அதில் சந்தேகமே இல்லை. ஆனாலும் பதினேழாவது ரோஜாவைப் பார்த்தபோது போனைச் சுவரில் எறியலாமா என்றிருந்தது.

ஒரு ராத்திரி தூக்கம் வராமல், கோபத்தோடுதான், அந்த அதிகாரத்தை முழுசாகப் படித்தேன். ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்த வசனம். ஆனால் அதற்கு முந்தின வசனத்தைப் படித்த ஞாபகமே இல்லை. பாபிலோனில் எழுபது வருஷம் நிறைவேறின பிறகுதான் உங்களைத் திரும்பக் கொண்டுவருவேன் என்கிறது அது. எழுபது! கி.மு. 597-ல் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் எருசலேமிலிருந்து யூதாவின் ராஜாவையும் பிரபுக்களையும் தச்சரையும் கொல்லரையும் சிறைபிடித்துக்கொண்டு போனான். அந்த ஜனங்களுக்குத் தீர்க்கதரிசி எரேமியா எழுதிய கடிதம் இது. அதைக் கையில் வாங்கிப் படித்த பெரியவர்களில் அநேகமாக ஒருவரும் ஊர் திரும்பியிருக்க முடியாது.

முந்தின அதிகாரத்தில் அனனியா என்று இன்னொரு தீர்க்கதரிசி வருகிறான். இரண்டே வருஷம், எல்லாரும் திரும்பிவிடுவோம் என்று ஆலயத்தில் எல்லார் முன்னாலும் சொல்கிறான். பாபிலோனுக்கு அடங்கியிருக்க வேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியாவின் கழுத்தில் இருந்த நுகத்தையே எடுத்து உடைத்துப் போடுகிறான். கேட்டவர்களுக்கு எவ்வளவு இனிப்பாக இருந்திருக்கும்! ஜனங்களைப் பொய்யை நம்பும்படி செய்தாய் என்று கர்த்தர் கடிந்துகொண்டது அந்த இனிப்பான ஆளைத்தான். கசப்பான கடிதத்தை எழுதியவர் சொன்னதோ, வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போட்டு அதன் கனியைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணிவையுங்கள் என்பது.

இதைப் படித்த பிறகு நம்பிக்கை என்ற வார்த்தையே எனக்கு வேறாகிவிட்டது. இந்த மாதம் முடிவதற்குள் அம்மா எழுந்து நடந்துவிடுவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது அனனியாவின் நம்பிக்கை. தேதி தவறும்போதெல்லாம் என் விசுவாசமும் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டிருந்தது. எரேமியா சொன்ன நம்பிக்கைக்குக் கிட்டத்தில் தேதி கிடையாது. இருக்கிற இடத்திலேயே தோட்டம் போடச் சொல்கிறது. எங்கள் வீட்டில் அது கட்டிலை ஜன்னல் பக்கம் நகர்த்துவது, பிசியோதெரபிக்கு நேரம் ஒதுக்குவது, ராத்திரி முறை வைத்துக்கொள்வது என்று ஆரம்பித்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த நாட்களில் என்னால் ஜெபிக்க முடியவில்லை. விசுவாசக் குறைவு என்று ஒருவர் முகத்துக்கு நேராகவே சொன்னார். (அவரோடு சண்டை போடத் தெம்பில்லை. இப்போது இருக்கிறது, ஆனால் ஆசை போய்விட்டது.) பைபிளில் எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின்கீழ் படுத்து ‘போதும் கர்த்தாவே’ என்று சாவைக் கேட்டபோது, தூதன் வந்து பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடை, ஒரு பாத்திரத்தில் தண்ணீர். சாப்பிட்டார், குடித்தார், திரும்பப் படுத்துக்கொண்டார். தூதன் மறுபடியும் வந்து எழுப்பிச் சாப்பிடச் சொன்னான், பிரயாணம் வெகுதூரம் என்று. வசனம் சொல்லிக் கடிந்துகொள்ளவே இல்லை.

எங்களுக்கு அப்படி வந்தவர் சபையில் இருக்கும் ஒரு அக்கா. "நீ போய் ரெண்டு மணி நேரம் தூங்கு தம்பி, அம்மாவை நான் பார்த்துக்கறேன்" என்றார். அவ்வளவுதான். எழுந்து பார்த்தபோது தொட்டியில் கிடந்த பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்திருந்தது. அக்கா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்.

சபைகளில், கர்த்தர் செய்த நன்மையைச் சாட்சியாகச் சொல்ல மைக் கொடுக்கிறோம். எல்லாம் சரியான பிறகுதான் கொடுக்கிறோம். நடுவில் இருப்பவனுக்கு மைக் இல்லை. வேதாகமம் இதில் நம்மைவிடத் தாராளமாக இருக்கிறது. 13-ஆம் சங்கீதம் முதல் இரண்டு வசனத்திலேயே நாலு தடவை ‘எதுவரைக்கும்’ என்று கேட்கிறது. 88-ஆம் சங்கீதம் கடைசி வரியிலும் வெளிச்சத்துக்கு வராமலே முடிகிறது. யாரோ அதையும் ஜெபமென்று எண்ணிப் பத்திரமாகச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். ஜெபிக்க வார்த்தை வராத எனக்கு அந்தப் புலம்பல்கள்தான் வார்த்தையாக இருந்தன.

பக்கவாதத்தில் பேச்சு போனவர்களில் சிலருக்கு, வருஷக்கணக்காகச் சொல்லிப் பழகின ஜெபமும் பாட்டும் மட்டும் தங்கிவிடுமாம். ஸ்பீச் தெரபிஸ்ட் சொன்னார். அதனால் சாயங்காலம் கட்டிலோரத்தில் உட்கார்ந்து கர்த்தருடைய ஜெபத்தை மெதுவாகச் சொல்கிறேன். என் பெயரைச் சொல்ல முடியாத அம்மா, ‘பரமண்டலங்களிலிருக்கிற’ என்று அவ்வளவு நீள வார்த்தையைக் குழறாமல் சொல்கிறார். அப்புறம் எங்காவது அறுந்துவிடும். போன மாதம் ‘ராஜ்யம்’ தாண்டவில்லை. நேற்று ‘எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று’ வரை வந்தார். அங்கே நின்றுகொண்டு, மிச்சத்தை நீ சொல்லு என்பதுபோல என்னைப் பார்த்தார். சொன்னேன்.