வேலூர் மலைகளின் உருண்டைப் பாறைகள்: ஒரு திருத்தம்

வேலூர், காட்பாடி மலைகளில் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் உருண்டைப் பாறைகளைக் கடைசிப் பனியுகத்தில் பனியாறுகள் இழுத்துவந்து போட்டன என்று ஒரு பதிவு சொல்கிறது. பலர் பகிர்ந்தும் இருக்கிறார்கள். அப்படி இல்லைங்க. சுமார் 21,000 ஆண்டுகளுக்கு முன் குளிர் உச்சத்தில் இருந்தபோதும் இந்தியாவில் பனியாறுகள் இமயமலைப் பக்கம்தான் இருந்தன.

இந்தக் கற்கள் இருந்த இடத்திலேயே உருவானவை. மண்ணுக்கடியில் பாறை வெடிப்புகளில் இறங்கும் நீர், தட்டையான முகத்தை ஒரு பக்கமிருந்துதான் அரிக்கும். விளிம்பை இரண்டு பக்கமிருந்து, மூலையை மூன்று பக்கமிருந்து. அதனால் மூலைதான் முதலில் மழுங்கும். வெங்காயத் தோல் மாதிரி உரிந்து உரிந்து நடுக்கல் உருண்டையாக மிஞ்சும். சுற்றியுள்ள உதிரி மணலை மழை அடித்துக்கொண்டு போனதும் அது வெளியே தெரியும்.

நீங்களே சோதிக்கலாம். கல்லிலும் அடிப்பாறையிலும் ஏற்கெனவே உடைந்த முகத்தை ஒப்பிட்டுப் பாருங்கள், 10 மடங்கு லென்ஸ் போதும். பனியாறு சுமந்துவரும் கற்களில் பெரும்பாலும் வேற்றூர்ப் பாறை கலந்திருக்கும். இங்கே கல்லும் அடிப்பாறையும் ஒரே இனம். உருண்டு விழாத கல்லில் வரிகள்கூட அடிப்பாறையின் திசையிலேயே ஓடும்.

பனியாறு நகர்ந்த பாறையில் இணையான கீறல்கள் விழும். ஆனால் கீறல்களைப் பார்த்து மட்டும் முடிவுக்கு வராதீர்கள். ஜேசிபி பல் இழுத்த கோடுகளும் இணையாகத்தான் இருக்கும். அவை பழுப்பேறாமல் வெளுப்பாகத் தெரியும். சாலைக்காக மலையை வெட்டிய இடம் கிடைத்தால் இன்னும் நல்லது: மேலே உதிரி மணல், நடுவில் இன்னும் பிரியாத உருண்டைகள், அடியில் முழுப்பாறை, மூன்றையும் ஒரே வெட்டில் பார்க்கலாம்.