அடுப்பை அணைக்கச் சொன்னவர்களுக்கு

புத்தகத் திருவிழாவில் சமையல் நூல் எழுதிய ஒரு சமையற்கலைஞர் அடுப்பு மூட்டி நடத்திய செயல்விளக்கம் பாதியில் நிறுத்தப்பட்டதைப் பற்றி எல்லோரும் எழுதித் தீர்த்துவிட்டார்கள்; நெருப்பு ஆபத்து, வாசனை இடையூறு, சமையல் குறிப்பு எழுத்தே இல்லை என்று நிறுத்தியதைச் சரி என்றவர்களும் உண்டு. நடந்ததை நான் மறுபடி விவரிக்கப் போவதில்லை. என் மனத்தை அறுப்பது, நிறுத்திய பிறகு ஒலிபெருக்கியில் வந்த அறிவிப்புதான்: "இனி இலக்கியத்துக்குத் திரும்புவோம்." பலர் கைதட்டினார்கள். அவர் ஒன்றும் பேசாமல் வாணலியை மூடினார்.

அவர் அங்கே சமைத்துப் பரிமாற வரவில்லை. தாம் எழுதிய நூலின் ஒரு பக்கத்தை வாசிக்க வந்தார். கவிஞர் தம் கவிதையை வாசிக்கிறார், நாவலாசிரியர் ஓர் அத்தியாயத்தை வாசிக்கிறார். சமையல் நூல் எழுதியவர் தம் பக்கத்தை அடுப்புக்கு முன்னால் நின்றுதான் வாசிக்க முடியும்.

அன்று அவர் விளக்கிக்கொண்டிருந்தது வெங்காயம் வதக்குவதைப் பற்றிய ஒரே ஒரு வரி. வெங்காயத்தில் ஏறத்தாழ 90 விழுக்காடு தண்ணீர். அது வற்றும் வரை சூடு 100 பாகை செல்சியஸைத் தாண்டாது, தாண்டாத வரை நிறம் ஏறாது. மிதமான தீயில் அடர்பழுப்பு நிறம் வர முக்கால் மணி நேரம்கூட ஆகலாம். ஆனால் எத்தனையோ நூல்களில் 5 நிமிடம், 10 நிமிடம் என்று கூசாமல் அச்சிடுகிறார்கள். தம் நூலில் உண்மையான நேரத்தை எழுதியதற்கான காரணத்தை, ஓரங்கள் அப்போதுதான் நிறம் மாறத் தொடங்கிய அந்த வாணலியைச் சாய்த்துக் காட்டி, அவர் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு சொல்லுக்காக இவ்வளவு மெனக்கெடும் எழுத்தாளரை அன்றைய மேடைகளில் நான் வேறு எங்கும் பார்க்கவில்லை.

இது எனக்கு ஏன் இவ்வளவு வலிக்கிறது என்று கேட்பீர்கள். அம்மா படுக்கையில் விழுந்த பிறகு, அதுவரை சமையலறைக்குள் நுழைந்தறியாத என் அப்பா சமைக்கக் கற்றுக்கொண்டது ஒரு சமையல் நூலை வைத்துத்தான். அவர் வாழ்நாளில் தமக்கென்று வாங்கிய புத்தகம் அது ஒன்றே. அதில் "5 நிமிடம் வதக்கவும்" என்ற வரியைப் பென்சிலால் அடித்துவிட்டு, ஓரத்தில் "பொய்" என்று எழுதி வைத்திருக்கிறார். வரிவரியாகப் படித்து, நூலாசிரியரோடு சண்டையும் போட்ட மனிதர் அவர். அவரை வாசகர் இல்லை என்று சொல்ல உங்களில் யாருக்கு உரிமை இருக்கிறது?

துணிக் கூடாரமும் காகிதமும் இருக்கும் இடத்தில் நெருப்பு ஆபத்து என்கிறீர்கள். நியாயம்; திறந்த வெளியில் இடம் ஒதுக்கியிருக்க வேண்டும், அது ஏற்பாட்டாளர்களின் பொறுப்பு. வாசனை பக்கத்துக் கவியரங்கத்துக்கு இடையூறாக இருந்தது என்பதை என்னால் ஏற்கவே முடியாது. அந்தக் கவியரங்கத்தின் ஒலிபெருக்கி மற்ற எல்லா அரங்குகளுக்குள்ளும் புகுந்ததை யாரும் இடையூறு என்று சொல்லவில்லையே. கூட்டம் ருசி பார்க்கத்தான் வந்தது என்று எழுதியவருக்கு ஒன்று சொல்கிறேன்: முன்வரிசையில் பலர் கையில் குறிப்பேடு இருந்தது. நீங்கள் பார்க்க விரும்பவில்லை, அவ்வளவுதான்.

சமையல் குறிப்பு எழுத்தே இல்லை என்பவர்கள் வரலாற்றைப் புரட்டிப் பார்க்கட்டும். யேல் பல்கலைக்கழகத்தில் உள்ள பாபிலோனியக் களிமண் பலகைகளில், ஏறத்தாழ 3,700 ஆண்டுகளுக்கு முன்பே, குழம்பு வகைகளின் செய்முறைகளை ஆப்பு வடிவக் கோடுகளாலான ஆப்பெழுத்தில் பதித்து வைத்திருக்கிறார்கள். இங்கிலாந்தின் எலைசா ஆக்டன் 1826இல் கவிதைத் தொகுப்பு வெளியிட்டவர்; அதே கைதான் 1845இல் வீட்டுச் சமையலுக்கென ஒரு பெருநூலை எழுதி, பொருள்களின் அளவையும் வேகும் நேரத்தையும் குறிப்புகளின் இறுதியில் தனியே தொகுத்துத் தந்தது. அவர் கவிதையிலிருந்து இறங்கிப் போனார் என்றா சொல்வீர்கள்? அடுப்படியில் பிறந்த எழுத்து என்பதாலேயே அதைத் தாழ்வாகப் பார்க்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அந்த எழுத்தில் பெரும்பகுதியைப் பெண்கள் எழுதினார்கள் என்பதும் அதற்கு ஒரு காரணம் என்றே நான் நம்புகிறேன். அப்படி இல்லை என்று சண்டைக்கு வருபவர்கள் வரட்டும்.

ஏற்பாட்டாளர்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அச்சிட்ட நிகழ்ச்சி நிரலில் அவர் பெயர் எழுத்தாளர்கள் பட்டியலில் இல்லை. கடைசிப் பக்கத்தில், "கேளிக்கை" என்ற தலைப்பின் கீழ் இருந்தது. அடுத்த ஆண்டு அவரை மறுபடி அழையுங்கள், முழு ஒரு மணி நேரம் கொடுங்கள், பெயரை முதல் பக்கத்தில், மற்ற எழுத்தாளர்களோடு சேர்த்து அச்சிடுங்கள்.