"இன்னொண்ணு இருக்குல்ல" என்று சொல்லாதீர்கள்

கடலூர் முதுநகர் துக்க வீட்டில் நேற்று நடந்ததை நம்ம ஆட்கள் பாதிப் பேர் நேரிலேயே பார்த்தீர்கள், அதனால் யார் என்று எழுதப் போவதில்லை. இறந்துபோன பெரியவனை எடுத்துக்கொண்டு போய் அரை மணி நேரம்கூட ஆகவில்லை. வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்த சின்னவனைக் கையைப் பிடித்து இழுத்து வந்து, பிள்ளையைப் பறிகொடுத்த அந்த அக்கா முன்னால் நிறுத்தி, "இதோ இவன் இருக்கான்ல, இவன் முகத்தப் பாத்து மனசத் தேத்திக்கோ, அழுதது போதும்" என்றார்கள். டம்ளர் தண்ணீர் அவன் சட்டையெல்லாம் சிந்தியது. யாரும் கவனிக்கவில்லை.

ஒரு பிள்ளைக்கு இன்னொரு பிள்ளை ஈடாகாது. நாலு பிள்ளை பெற்று வளர்த்தவர்களுக்கே இதை எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்றுதான் எரிச்சலாக வருகிறது.

நல்ல எண்ணத்தில்தானே சொன்னார்கள் என்பீர்கள். சரி, நல்ல எண்ணம்தான். அதற்காக அவளுக்கு வலிக்காமல் போய்விடுமா? அவள் அழுவதைப் பார்க்க நமக்குத் தாங்கவில்லை, அதனால் அவளை நிறுத்தச் சொல்கிறோம்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை, சோனாங்குப்பத்தில் எங்கள் அண்ணனைக் கடல் கொண்டுபோனது. அப்புறம் வீட்டுக்கு வந்த அத்தனை பேரும் என் தலையைத் தடவிக்கொண்டே அம்மாவிடம் சொன்னது, "பொண்ணாவது மிஞ்சிச்சே." அம்மா என் முன்னால் அழுவதையே நிறுத்திவிட்டாள். பாத்திரம் கழுவுகிற சாக்கில் பின்பக்கம் போய் உட்கார்ந்துகொள்வாள். அவள் கண் சிவந்து வரும்போதெல்லாம், நான் ஒருத்தி இருந்தும் போதவில்லையே என்று நினைத்துக்கொள்வேன். சின்னப் பிள்ளை மனதில் இதையெல்லாம் ஏற்றிவிட்டுப் போனது நீங்கள் சொல்கிற அந்த நல்ல எண்ணம்தான். அம்மாவிடம்கூட இதைச் சொன்னதில்லை, இங்கே எழுதுகிறேன்.

சுனாமிக்கு அப்புறம், குடும்பக் கட்டுப்பாடு செய்திருந்த தாய்மார்கள் மறுபடி பிள்ளை பெற அரசாங்கமே இலவசமாக ஆபரேஷன் செய்து கொடுத்ததே, அப்போ அது ஆறுதல் இல்லையா என்று கேட்பீர்கள். அது அந்தத் தாய் தானாக ஆசைப்பட்டுக் கேட்டது. தேவனாம்பட்டினத்தில் எங்கள் சின்னம்மா அப்படிப் பெற்றவள்தான், அந்தப் பிள்ளையை உயிராக வளர்க்கிறாள். ஆனாலும் டிசம்பர் 26 வந்தால் பால் சொம்போடு கடற்கரைக்குப் போய், போனவன் பெயரைச் சொல்லித்தான் ஊற்றுகிறாள். அவளிடம் போய் இன்னொண்ணு இருக்குல்ல என்று சொல்லிப் பாருங்கள்.

விதி, சாமிக்குப் பிடித்த பிள்ளை என்பதெல்லாம் எனக்குப் பேசவே பிடிக்கவில்லை.

எல்லாருக்கும் நாசூக்காகப் பேச வராது என்கிறீர்களா? பேசாதீர்கள். எங்கள் பக்கத்து வீட்டு ஆயா கைநாட்டுதான். "அழாத" என்று ஒரு தடவைகூட அம்மாவிடம் சொன்னதில்லை. கழுத்தைக் கட்டிக்கொண்டு அவளும் மாரடித்து அழுவாள். அப்புறம் மூக்கைச் சிந்தித் துடைத்துக்கொண்டு, கஞ்சியைக் கரைத்துக் கையில் கொடுத்து, "எம் பேரனுக்கு நெத்திலிக் கருவாடுன்னா உசுராச்சே?" என்று கேட்பாள். அம்மா ஆரம்பித்துவிடுவாள். சட்டியோடு வழித்துத் தின்றான், எனக்கு வைத்திருந்ததையும் எடுத்துத் தின்றான், அதற்கு அவள் அடித்தாள், அடித்துவிட்டாளே என்று அழுவாள். பேச்சோடு பேச்சாகக் கஞ்சி உள்ளே போய்விடும். மற்றவர்களெல்லாம் அண்ணன் பெயரை எடுக்கவே பயந்தார்கள். ஆயா ஒருத்திதான் வந்தபோதெல்லாம் அவனைப் பற்றியே கேட்டாள்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு நீங்களெல்லாம் போவீர்கள். அந்த அக்காவிடம் போனவனைப் பற்றிக் கேளுங்கள். சின்னவனிடமும் கேளுங்கள், அவனுக்கும் அண்ணன் போயிருக்கிறான், அவன் யாருக்கும் ஆறுதல் பரிசு கிடையாது.

பிறகு சேர்த்தது: சொந்தக்காரர்கள் சங்கடப்படுகிறார்கள், பதிவை எடுத்துவிடு என்று காலையிலிருந்து மெசேஜ் வருகிறது. எடுக்க மாட்டேன்.