மார்க் ட்வைனைக் குறை சொல்ல நீ யாரு?

ஞாயிற்றுக்கிழமை வெபினாரில் நடந்ததைப் பார்த்தவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று தெரியும். பார்க்காதவர்களுக்கு, கிளிப் எல்லா வாட்ஸப் குரூப்பிலும் சுற்றிக்கொண்டிருக்கிறது. பெயர் சொல்லப் போவதில்லை. என் கோபம் அங்கே ஒரு சார் ஒரு மாணவியிடம் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான்: "ஏம்மா, மார்க் ட்வைனைக் குறை சொல்ல நீ யாரு?"

அந்தப் பெண் அப்படி என்ன சொல்லிவிட்டாள்? ட்வைனின் ‘ஹக்கிள்பெரி ஃபின்’ நாவலின் கடைசிப் பத்துப் பன்னிரண்டு அத்தியாயங்கள், அதில் தப்பி ஓடுகிற கறுப்பின அடிமை ஜிம்முக்குச் செய்த அநியாயம் என்றாள். அவ்வளவுதான். அதற்கு அத்தனை பேர் முன்னால் ஒரு எம்.ஏ. மாணவியை ம்யூட் பண்ணுவீர்களா?

சார் கையில் எடுத்தது அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வேயை. நவீன அமெரிக்க இலக்கியம் முழுவதும் இந்த ஒரு புத்தகத்திலிருந்துதான் வருகிறது என்று ஹெமிங்வேயே சொல்லிவிட்டாராம். சொன்னார்தான், 1935-ல். ஆனால் அதே மூச்சில் இன்னொன்றும் சொன்னார்: படித்தால் ஜிம்மைத் திருடிக்கொண்டு போகிற இடத்தோடு நிறுத்திவிடுங்கள், உண்மையான முடிவு அதுதான், மிச்சமெல்லாம் ஏமாற்று வேலை. அதாவது அந்தப் பெண் சொன்னதைவிடக் கடுமையாக. சாருக்கு முதல் வரி மட்டும் எப்படிக் கிடைத்தது? கைடில் அந்த வரி மட்டும்தான் இருக்கும்.

சரி, புத்தகத்துக்கே வருவோம். முப்பத்தொன்றாம் அத்தியாயத்தில், ஜிம்மோடு சேர்ந்து ஓடுகிற வெள்ளைக்காரப் பையன் ஹக், ஜிம்மைக் காட்டிக்கொடுக்க எழுதிய கடிதத்தைக் கிழித்துப்போட்டு, "சரி, நான் நரகத்துக்கே போறேன்" என்கிறான். எத்தனை முறை படித்தாலும் எனக்கு அங்கே தொண்டை அடைக்கும். அதற்குப் பிறகுதான் அவன் நண்பன் டாம் சாயர் வந்து சேர்கிறான். ஜிம் பிடிபட்டு ஒரு குடிசையில் அடைபட்டுக் கிடக்கிறான், சங்கிலி கட்டில் காலில் மாட்டியிருக்கிறது. கட்டிலைத் தூக்கினால் கழன்றுவிடும். சாவியைத் திருடலாம் என்கிறான் ஹக். டாமுக்கு அது போதாது, கதைப்புத்தகத்தில் வருகிற மாதிரி தப்பிக்க வேண்டும். அதற்காகக் குடிசைக்குள் எலி, பாம்பு, சிலந்தி எல்லாவற்றையும் கொண்டுவந்து விடுகிறார்கள். எலி கடிக்கும்போதெல்லாம் ஜிம் எழுந்து அந்த ரத்தத்தில் சட்டைமேல் டைரி எழுத வேண்டும். ஒரு சாணைக்கல்லைப் பையன்களால் உருட்ட முடியவில்லை. உடனே ஜிம் கட்டிலைத் தூக்கி, சங்கிலியைக் கழற்றிக் கழுத்தில் சுற்றிக்கொண்டு, வெளியே வந்து, கல்லைத் தன் சிறைக்குள் உருட்டிக் கொடுத்துவிட்டு, திரும்ப உள்ளே போய் உட்காருகிறான்! கடைசியில் தெரிகிறது, அவனுடைய எஜமானி இரண்டு மாதத்துக்கு முன்பே உயில் எழுதி அவனை விடுதலை செய்துவிட்டுச் செத்துப்போயிருக்கிறாள். டாமுக்கு இது ஆரம்பத்திலிருந்தே தெரியும். பொறுமையாகக் கைதி வேஷம் போட்டதற்கு ஜிம்முக்கு நாற்பது டாலர் கொடுக்கிறான்.

இதைப் படித்துவிட்டு யாருக்கும் ஒன்றும் உறுத்தாமல் இருந்தால், அவர்கள் படித்தார்களா என்பதே எனக்குச் சந்தேகம். குறை சொல்வதும் படிப்பதில் சேர்த்திதான்.

உடனே வருவீர்கள், அந்தக் காலத்தை இன்றைய அளவுகோலால் அளக்காதே என்று. அளவுகோல் ட்வைன் கொடுத்ததுதான் ஐயா. பதினைந்தாம் அத்தியாயத்தில் ஹக் ஜிம்மிடம் மன்னிப்புக் கேட்கிறானே, அதை எழுதியவரும் அவர்தானே? கவிஞர் டி. எஸ். எலியட் அந்த முடிவைச் சரி என்றாரே என்பீர்கள். எலியட்டுக்கும், அதையே சொன்ன விமர்சகர் ட்ரில்லிங்குக்கும், அந்த முடிவு சரியில்லை என்று 1953-லேயே விமர்சகர் லியோ மார்க்ஸ் பெயர் சொல்லிப் பதில் எழுதிவிட்டார். விடுதலையான கறுப்பின மக்களை அமெரிக்கா மறுபடியும் கட்டிப்போட்டு விளையாடியதைத்தான் ட்வைன் கிண்டல் செய்கிறார் என்று ஒரு வாசிப்பு உண்டு. அது நல்ல வாதம், எனக்கும் பாதி மனசு அதில் இருக்கிறது. சார் அதைச் சொல்லியிருந்தால் நானே கை தட்டியிருப்பேன். அவர் சொன்னது "நீ யாரு?"

அப்போ புத்தகத்தைத் தடை செய்யணுமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். யார் சொன்னது? 1885-லேயே அமெரிக்காவின் கான்கார்டு நூலகம் இதைக் குப்பை என்று தூக்கி எறிந்தது. ட்வைன் சிரித்தார், இருபத்தையாயிரம் பிரதி கூடுதலாக விற்கும் என்று பதிப்பாளருக்கு எழுதினார். அவருக்கு நம்ம ஊர் பாடிகார்டுகள் தேவையில்லை. கறுப்பின எழுத்தாளர் டோனி மாரிசன், சின்ன வயதில் இந்த நாவல் தன்னைக் கலங்கடித்ததை ஒளிக்காமல் எழுதினார், பள்ளியிலிருந்து அதை எடுக்கச் சொன்னவர்களையும் கண்டித்தார். ஒரே ஆள் இரண்டையும் செய்யலாம். தடை கேட்கிறவரும் சரி, சூடம் காட்டுகிறவரும் சரி, புத்தகத்தைத் திறக்க மாட்டார்கள்.

"உன்னால ஒரு வரி அப்படி எழுத முடியுமா?" இப்படிக் கேட்கிறவர்களுக்கெல்லாம் பதில் கிடையாது.

எனக்கு ஏன் இவ்வளவு எரிகிறது என்றால், எம்.ஏ. வைவாவில் கிட்டத்தட்ட இதையேதான் நானும் சொன்னேன். எதிரே இருந்தவர் தாளிலிருந்து நிமிராமல், "இதை எந்தக் கிரிட்டிக் சொன்னார்?" என்றார். எனக்கே தோன்றியது சார் என்றேன். பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துச் சிரித்தார். "உனக்குத் தோணினா அது கிரிட்டிசிசமா?" வெளியே வந்து பஸ் ஸ்டாண்டு வரை யாரிடமும் பேசவில்லை. ரொம்ப நாள் கழித்து லியோ மார்க்ஸின் கட்டுரையைப் படித்தபோது சந்தோஷம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அன்றைக்கு அந்தப் பெயர் தெரிந்திருந்தால் அதே வாக்கியத்துக்கு மார்க் போட்டிருப்பார். வெள்ளைக்காரன் சொன்னால் மேற்கோள், நம்ம பிள்ளை சொன்னால் திமிர். இதைச் சொன்னால் நான் ‘காம்ப்ளெக்ஸில்’ பேசுகிறேனாம். பேசுகிறேன், போதுமா? யார் பேசலாம், யார் வாயை மூடிக்கொண்டு நோட்ஸ் எடுக்க வேண்டும் என்பது இந்தத் துறையில் எப்படித் தீர்மானமாகிறது என்று உங்களுக்கும் தெரியும்.

அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் பெர்சிவல் எவரெட் அதே கதையை ஜிம்மின் வாயால் ‘ஜேம்ஸ்’ என்று திருப்பி எழுதினார். அதில் ஜிம் படித்தவன், வெள்ளைக்காரர்கள் முன்னால் மட்டும் கொச்சையாகப் பேசி நடிக்கிறான். அவரை யாரும் "நீ யாரு?" என்று கேட்கவில்லை. 2024-ல் நேஷனல் புக் அவார்டு, அடுத்த வருஷம் புலிட்சர்.

கமென்டில் சண்டைக்கு வருகிறவர்கள் முப்பத்திரண்டாம் அத்தியாயத்திலிருந்து படித்துவிட்டு வாருங்கள். குட்டன்பர்க் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. படிக்காமல் வந்தால் பதில் சொல்ல மாட்டேன். "பெரியவரிடம் இப்படிப் பேசலாமா" என்று இன்பாக்ஸில் அறிவுரை அனுப்பியவர்களுக்கும் சேர்த்துத்தான்.