அந்த க்ரீமில் என்ன இருக்கிறது என்று யாராவது சொல்லுங்கள்

வயிறு எரிகிறது. போனில் விளம்பரம் பார்த்து வாங்கிய ஒரு ஸ்பா பெட்டியைப் பற்றி எழுதித் தீர்க்காவிட்டால் இன்றைக்கும் எனக்குத் தூக்கம் வராது.

நான் மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில், சேலைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். காலை ஒன்பதரைக்கு நிற்க ஆரம்பித்தால் இரவு ஒன்பது மணி வரை நின்ற கால்தான். கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டத்தையே திருத்தினார்கள். எங்கள் பிரிவுக்கும் ஸ்டூல் வந்தது. ஆனால் சித்திரைத் திருவிழா நேரத்தில், ஒரு குடும்பம் எழுந்திருக்கும் முன்பே அடுத்த குடும்பம் வந்து நிற்கிற கூட்டத்தில், ஸ்டூலை யார் தேடுவது? அழகர் ஆற்றில் இறங்கி, திரும்ப மலைக்குப் போய்ச் சேருகிற வரைக்கும் எங்களுக்கு மூச்சு விட நேரமிருக்காது. இந்த வருஷம் திருவிழா முடிந்தபோது என் இரண்டு குதிகாலும் வெடித்துக் கிடந்தன. ராத்திரி படுத்தால் போர்வை நூல் வெடிப்பில் மாட்டும். இருட்டில் அந்த நூலை மெதுவாக உருவி எடுக்கிற வலி, பட்டவர்களுக்குத் தெரியும்.

அந்த வாரத்தில்தான் போனில் அந்த விளம்பரம் வந்தது. பித்தளைப் பாத்திரத்தில் தண்ணீர், மேலே பூ, உள்ளே ஒரு பெண்ணின் கால். 'ஸ்பா அனுபவம் இனி உங்கள் வீட்டிலேயே, உங்கள் பட்ஜெட்டிலேயே.' ஐந்து பொருள் கொண்ட பெட்டி. 1,495 ரூபாயை அடித்துவிட்டு 699 என்று போட்டிருந்தார்கள். அது என் இரண்டு நாள் சம்பளம். பெரிய ஓட்டல்களில் இருக்கிற ஸ்பாவுக்கு நான் போகப்போவதில்லை, அங்கே ஒரு மணி நேரத்துக்கே ஆயிரக்கணக்கில் ஆகும். ஆனால் வருஷத்தில் ஒரு நாள், ஒரு அரை மணி நேரம், என் காலை நானே கவனித்துக்கொள்ள வேண்டும் என்று ஆசைப்பட்டேன். வேலை செய்கிற பெண்ணுக்கு இது ஆடம்பரம் என்று யாராவது சொன்னால் அவர்களோடு சண்டைக்கு நிற்க நான் தயார்.

கத்திரி வெயில் நடுவில், மத்தியானம் இரண்டு மணிக்குப் பார்சல் வந்தது. அன்று எனக்கு வார விடுமுறை. பெட்டியைக் கையில் வாங்கும்போதே சூடு. அடியில் எண்ணெய்க் கறை. பிரித்தால் உடம்பில் தடவுகிற 'பாடி பட்டர்' டப்பாவின் மூடி ஓரமாகக் கசிந்து, உள்ளே இருந்த வாழ்த்து அட்டை வரை நனைந்திருந்தது. மூடியைத் திறந்தேன். மேலே மஞ்சளாக எண்ணெய் மிதக்கிறது, கீழே திரிந்த பால் மாதிரி வெள்ளையாக ஏதோ. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "என்னத்தா இது, கெட்டுப்போன மோர் மாதிரி இருக்கு?" என்றார். நான் பதில் சொல்லவில்லை.

டப்பாவைக் கழுவலாம் என்று வழித்து எடுத்தபோதுதான் அடுத்தது தெரிந்தது. வெளியே பார்த்தால் டப்பா மூன்று விரல் உயரம். உள்ளே விரலை விட்டால் ஒன்றரை விரல் ஆழத்திலேயே அடி தட்டுகிறது. சுவர் இரட்டைச் சுவர், அடிப்பக்கம் கிண்ணத்தைக் கவிழ்த்த மாதிரி உள்ளே மேடாக ஏறி நிற்கிறது. 50 கிராம் என்று அடியில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள், போடவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் படத்தில் பார்த்தால் யாருக்கு அது 50 கிராம் என்று தோன்றும்? அன்று ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். கால் ஊறவைக்கிற உப்பு 100 கிராம், தோலைத் தேய்க்கிற ஸ்க்ரப் 50, பட்டர் 50, பாடி வாஷ் 50 மில்லி, கை க்ரீம் 20. எல்லாம் சேர்த்து 270. அதாவது 100 கிராமுக்கு ஏறத்தாழ 259 ரூபாய், அதிலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெறும் உப்பு. மலிவு என்று எதைச் சொல்கிறார்கள்?

சரி, வாங்கியாகிவிட்டது, பயன்படுத்தியாவது பார்ப்போம் என்று அட்டையைப் படித்தேன். குளியல் தொட்டியில் 20 நிமிடம் படுத்திருக்கச் சொல்கிறது. வில்லாபுரத்தில் எங்கள் வாடகை வீட்டுக் குளியலறையில் ஒரு வாளியும் ஒரு குவளையும் வைத்தால் மிச்சம் ஒரு ஆள் நிற்கிற இடம்தான். போர் தண்ணீர் உப்பு. நல்ல தண்ணீர் குழாயில் வருகிற நாளில் பிடித்து வைப்பது குடிக்கவும் சமைக்கவும். யாரை நினைத்து இந்த அட்டையை அச்சடித்தார்கள்? 'உங்கள் பட்ஜெட்டிலேயே' என்று என்னைக் கூப்பிட்டுவிட்டு, என் வீட்டில் இல்லாத தொட்டியில் என்னைப் படுக்கச் சொல்கிறார்கள். பிளாஸ்டிக் பேசினில் வெந்நீர் ஊற்றி உப்பைப் போட்டுக் காலை வைத்தேன். வெடித்த குதிகாலில் உப்பு பட்டால் என்ன ஆகும்? சுரீர் என்று ஏறியது. 'வெடிப்பு இருந்தால் பயன்படுத்த வேண்டாம்' என்று ஒரு வரி எங்கேயும் இல்லை. அதன் பிறகு ஸ்க்ரப். வால்நட் ஓட்டைப் பொடித்துக் கலந்தது, மணல் மாதிரி இருந்தது. இரண்டு தேய்ப்பில் ரத்தம் எட்டிப் பார்த்தது. வெடித்த காலுக்கு என்றே படம் போட்டு விற்ற பொருள் இது!

இவ்வளவையும் நான் பொறுத்துப் போயிருப்பேன். காசு போனது என்று ஒரு வாரம் புலம்பிவிட்டு மறந்திருப்பேன். என்னால் பொறுக்க முடியாதது அந்தக் கை க்ரீம்.

இருபது கிராம் ட்யூப். ரோஜா, பாதாம், கற்றாழை என்று படம். கடையில் நாள் முழுக்கச் சேலையை விரித்து மடித்து விரல் நுனியெல்லாம் காய்ந்து போகும், அதனால் அதைப் பையிலேயே வைத்துக்கொண்டு தடவினேன். நாலாவது நாள் விரல் இடுக்கில் அரிப்பு. ஆறாவது நாள் சின்னச் சின்ன நீர்க் கொப்புளம். சொறியச் சொறியப் பட்டுச் சேலையில் நீர் பட்டுவிடுமோ என்ற பயம் வேறு. வாங்க வந்த ஒரு அம்மா என் கையைப் பார்த்துவிட்டுச் சேலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அவரைக் குறை சொல்லமாட்டேன். மேலாளர் அன்று மாலையே என்னை மாடிக் குடோனுக்கு அனுப்பிவிட்டார், கை ஆறுகிற வரைக்கும் பெட்டி அடுக்குகிற வேலை. குடோனில் விற்பனை கிடையாது, விற்பனை இல்லையென்றால் இன்சென்டிவ் கிடையாது. பதினோரு நாள்.

தோல் டாக்டர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது, "அந்த க்ரீம்ல என்னம்மா இருக்கு?" ட்யூபைக் கொடுத்தேன். முன்னும் பின்னும் பார்த்தார். பெயர், விலை, எடை, கம்பெனி முகவரி. அவ்வளவுதான். என்ன கலந்திருக்கிறது என்று ஒரு வார்த்தை இல்லை. வாசனைப் பொருளாக இருக்கலாம், கெட்டுப்போகாமல் இருக்கச் சேர்க்கிற பதனப்பொருளாக இருக்கலாம், எது என்று தெரிந்தால்தான் இனிமேல் எதைத் தொடக்கூடாது என்று உனக்குச் சொல்ல முடியும் என்றார். நான் என்ன சொல்ல? என் கையில் தடவிய பொருளைப் பற்றி எனக்கே ஒன்றும் தெரியாமல் அங்கே உட்கார்ந்திருந்தேன். அவமானமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து அக்கா மகளைக் கூப்பிட்டேன், பி.பார்ம் படிக்கிறாள். அவள்தான் சொன்னாள்: "சித்தி, இது அழகுசாதனப் பொருள் விதியிலேயே இருக்கு. 30 கிராமுக்குக் கீழ இருக்கிற க்ரீமுக்கும், 60 மில்லிக்குக் கீழ இருக்கிற திரவத்துக்கும் உட்பொருள் பட்டியல் போட வேண்டியதில்லை." அப்போதுதான் பெட்டியைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். கை க்ரீம் 20 கிராம். பாடி வாஷ் 50 மில்லி. இரண்டிலும் பட்டியல் இல்லை. முழுப் பெட்டியை ஒரே விலைக்கு விற்கும்போது வெளி அட்டையில் ஒரு ஓரத்தில் அச்சடித்தால் என்ன குறைந்துவிடும்? இடம் இல்லை என்று சொல்ல முடியாது. அதே அட்டையில் தாமரை படம் உள்ளங்கை அகலத்துக்கு இருக்கிறது.

பட்டியல் இருந்த டப்பாவையும் அவள் போனில் பெரிதாக்கிப் படித்துக் காட்டினாள். எல்லாம் ஆங்கிலம், எறும்பு எழுத்து. ஒரு சதவீதத்துக்கு மேல் இருக்கிற பொருள்களை அதிகத்திலிருந்து குறைவுக்கு வரிசையாக எழுத வேண்டுமாம், அதற்குக் கீழே உள்ளவற்றை எப்படி வேண்டுமானாலும் எழுதலாமாம். பட்டர் என்று பெயர் வைத்த டப்பாவில் முதலில் நிற்பது தண்ணீர். இரண்டாவது மினரல் ஆயில், பெட்ரோலியத்திலிருந்து எடுக்கிற எண்ணெய். ஃபினாக்ஸிஎத்தனால் என்று ஒரு பதனப்பொருள், அதை ஒரு சதவீதத்துக்கு மேல் சேர்க்கக் கூடாது என்றாள். மூடியில் பெரிதாகப் போட்டிருந்த ஷியா வெண்ணெயும் மல்லிகைச் சாறும் அதற்கும் பின்னால், வரிசையின் வாலில். நூற்றில் ஒரு பங்குகூட இருக்காது.

மல்லிகை என்றதும் எனக்கு இன்னும் ஏறிவிட்டது. அந்த டப்பாவின் பெயரே மதுரை மல்லி. 2013-இல் புவிசார் குறியீடு வாங்கிய பூ எங்கள் ஊர்ப் பூ. மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் விடியுமுன் மூட்டையைப் பிரிக்கிற வாசம் எங்களுக்குத் தெரியாதா? ஒரு டன் பூவைப் போட்டால் ஒன்றிரண்டு கிலோ வாசனைச் சாறுதான் தேறும். தை மாதத்தில் ஒரு கிலோ பூவே ஆயிரங்களில் போகும். அப்படியானால் இந்த விலைக்கு விற்கிற டப்பாவில் எவ்வளவு பூ இருக்க முடியும்? செயற்கை வாசனை சேர்ப்பது குற்றமில்லை, சேர்த்துக்கொள்ளட்டும். ஆனால் அதை 'பெர்ஃப்யூம்' என்ற ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுகிறார்கள். அந்த ஒரு சொல்லுக்குள் பத்து ரசாயனம் இருக்கலாம், ஐம்பது இருக்கலாம். மூடியில் மட்டும் எங்கள் ஊர்ப் பெயர்.

கம்பெனிக்கு எழுதினேன். பதில் வந்தது: உடல் பராமரிப்புப் பொருளைத் திறந்துவிட்டால் திரும்பப் பெற முடியாது. திறக்காமல் உருகியிருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? பட்டர் பிரிந்ததற்கு, குளிர்ந்த இடத்தில் வைக்கவும் என்றார்கள். மே மாதம் மதுரைக்கு அனுப்புகிறோம் என்று அவர்களுக்குத் தெரியாதா? கையின் படத்தை அனுப்பி, க்ரீமில் என்ன இருக்கிறது, டாக்டர் கேட்கிறார் என்று மூன்று முறை எழுதினேன். மூன்று முறையும் ஒரே வரி, 'எங்கள் பொருள்கள் இயற்கையானவை, பாதுகாப்பானவை.' பிறகு 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போட்டுப் புகாரைப் பதிந்தேன். அதன் பிறகு கம்பெனியே கூப்பிட்டார்கள். மன்னிப்பு இல்லை, பட்டியல் இல்லை. அடுத்த வாங்குதலுக்கு நூறு ரூபாய் கூப்பன். என் கை கொப்புளித்தது அவர்களுக்கு நூறு ரூபாய்த் தள்ளுபடி!

இதைச் சொன்னால் ஊரில் எல்லோரும் ஒரே பாட்டு: "பேசாமல் நலங்குமாவு தேய்த்திருக்கலாம், கீழமாசி வீதியில் எல்லாம் கிடைக்குமே." எனக்கு அந்தப் பேச்சும் பிடிக்கவில்லை. ராத்திரி பத்து மணிக்கு வீட்டுக்கு வருகிறவள் பயறும் கஸ்தூரி மஞ்சளும் வாங்கிக் காயவைத்து எப்போது அரைப்பது? நான் டப்பாவில் வாங்கியது தப்பில்லை. டப்பாவில் என்ன இருக்கிறது என்று சொல்லாமல் விற்றதுதான் தப்பு.

காலுக்கு டாக்டர் சொன்னது எளிதாக இருந்தது. யூரியா கலந்த க்ரீம், மருந்துக் கடையில் சாதாரண ட்யூப். ராத்திரி வெறும் வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் காலை வைத்துத் துடைத்து, ஈரம் காயுமுன் அதைத் தடவி, பருத்திக் காலுறை போட்டுப் படுக்க வேண்டும். மூன்று வாரத்தில் வெடிப்பு மூடியது. ட்யூபில் தாமரை இல்லை. யூரியா எத்தனை சதவீதம் என்று முன்பக்கத்திலேயே எழுதியிருக்கிறது.

நேற்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கிற புள்ள, உசிலம்பட்டிப் பக்கம், பத்தொன்பது வயசு இருக்கும், போனை என்னிடம் நீட்டினாள். "அக்கா, இது வாங்கலாமாக்கா? ஆடித் தள்ளுபடியில 599-தான் போட்டிருக்கான்." அதே பித்தளைப் பாத்திரம், அதே கால். நான் சோற்றுக் கையை ஓரமாக வைத்துவிட்டு இடது கையை அவள் முன்னால் விரித்துக் காட்டினேன். விரல் இடுக்கில் தோல் இன்னும் கறுத்துத்தான் கிடக்கிறது.