"சாமி கும்பிடுவீங்கல்ல?"

மதுரையில் வாடகைக்கு வீடு தேடி அலைந்த சமயம். ஒரு மாடி போர்ஷன் பிடித்திருந்தது. தண்ணீர், வாடகை எல்லாம் ஒத்துவந்தது. சாவியைக் கையில் வைத்துக்கொண்டே ஹவுஸ் ஓனர் கடைசியாகக் கேட்டார்: "தம்பி, சாமி கும்பிடுவீங்கல்ல? தப்பா எடுத்துக்காதீங்க. சாமி பயமே இல்லாதவன் வேற எதுக்குப் பயப்படப் போறான்?"

"கும்பிடுவோம் சார்" என்றேன். பச்சைப் பொய். என் மனைவி கும்பிடுவாள், அதனால் பாதிப் பொய்தான் என்று அப்புறம் மனதைத் தேற்றிக்கொண்டேன்.

யோக்கியனைக் கண்டுபிடிக்கக் கேட்கிற கேள்வி இது. அயோக்கியன் யோசிக்காமல் 'ஆமா' சொல்லிச் சாவியை வாங்கிவிடுவான். உள்ளதைச் சொல்கிறவன்தான் தெருவில் நிற்பான். பிரிட்டன் நாடாளுமன்றத்திலும் இந்தக் கூத்து நடந்தது. சார்லஸ் பிராட்லா என்ற நாத்திகர் 1880-இல் நார்தாம்ப்டனில் ஜெயித்து வந்து, கடவுள் பெயர் இல்லாமல் உறுதிமொழி எடுக்கிறேன் என்றார். உட்கார விடவில்லை. திரும்பத் திரும்ப ஜெயித்தும் 1886 வரை இழுத்தடித்தார்கள். 1888-இல்தான் சட்டம் மாறியது. நம் அரசியலமைப்பில் அந்த வம்பே இல்லை. அமைச்சரோ எம்.எல்.ஏ.வோ கடவுள் பெயராலும் பதவியேற்கலாம், உளமார உறுதி கூறியும் ஏற்கலாம். இதில் எந்தப் பக்கத்து ஆட்களுக்குக் கை சுத்தம் என்று யாராவது பிரித்துக் காட்டுங்கள், பார்ப்போம்.

புறநானூற்றில் 134-ஆம் பாட்டு. ஆய் என்ற வள்ளலைப் புகழ வந்த முடமோசியார், எடுத்த எடுப்பிலேயே அவன் யார் இல்லை என்றுதான் சொல்கிறார்: "இம்மைச் செய்தது மறுமைக்கு ஆம் எனும் அறவிலை வணிகன் ஆஅய் அல்லன்." இங்கே போட்டு அங்கே எடுக்கிற வியாபாரி இல்லையாம். சான்றோர் போன வழி, அதனால் கொடுக்கிறான். அவ்வளவுதான். அறவிலை வணிகன்! புண்ணியம் சேரும் என்று பத்துப் பேருக்கு ஃபார்வர்டு பண்ணும்போதெல்லாம் இந்தச் சொல் என்னைச் சுருக்கென்று குத்தும்.

அதற்காக நாத்திகன் எல்லாம் உத்தமன் என்று சொல்ல வரவில்லை. கைமாற்று வாங்கிவிட்டு இன்றுவரை என் கண்ணில் படாத கறுப்புச் சட்டை நண்பன் ஒருவன் இருக்கிறான். சாமி பயம் வேலை செய்யாது என்றும் சொல்ல மாட்டேன். மாலை போட்ட 41 நாளும் பாட்டிலைத் தொடாதவர் என் பெரியப்பா. மாலை கழற்றிய அன்று சாயங்காலம்... சரி, விடுங்கள்.

நாலு வருஷம் கழித்து அந்த வீட்டைக் காலி செய்தோம். பெயிண்டுக்கு என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வதுதான் வழக்கம். ஓனர் எச்சில் தொட்டு இரண்டு தடவை எண்ணி, முழு அட்வான்ஸையும் நீட்டினார்.

"பெயிண்டுக்குப் பிடிக்கலையா சார்?"

"சுவரு நல்லாத்தானே இருக்கு. உங்க காசை நான் எதுக்குத் தம்பி வச்சுக்கணும்?"

தலைக்கு மேலே முருகன் படம், பக்கத்தில் ஊதுபத்தி. அவர் பேச்சில் சாமி வரவேயில்லை. அப்போதாவது என் பொய்யைச் சொல்லியிருக்கலாம். சொல்லாமல்தான் வந்தேன்.